வார்னிஷ் காயாத சாயங்காலம்

ஓவியங்கள் மாட்டியிருக்கிற கூடத்தில் நாற்காலி போடக் கூடாது என்பது என் நெடுநாளைய கட்சி. நாற்காலி போட்டால் மனிதர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தவர்கள் எந்தப் பக்கம் முகத்தை வைத்திருக்கிறார்களோ அந்தப் பக்கத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். மற்ற சுவர்களுக்கு முதுகுதான். இதை அன்று மதியமே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. நான் சொல்வதைக் காதில் வாங்காமல் இருப்பது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம், அதனால் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள், ஆய்வாளர் ஐயா. யோசித்துப் பார்த்தால் எனக்கு அந்த நாற்காலிகளில்தான் ஆரம்பிக்கத் தோன்றுகிறது. தேநீருக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனால் இந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு குறை சொன்னால் நன்றாக இருக்காது.

என் மனைவி பாடகி. அது உங்களுக்குத் தெரியும். நான் உள்ளே வந்தவுடனே உங்கள் எழுத்தர் எழுந்து நின்று, "பாடகியம்மாவோட வீட்டுக்காரர்தானே? ரொம்ப வருத்தமா இருக்கு சார்" என்றார். போன வாரம் அவள் ஓவியக் கூடத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே மூச்சு முட்டி இறந்தது ஊருக்கே தெரியும். மருத்துவர் மூச்சுக்கோளாறு என்று எழுதிவிட்டார். யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. அவளைக் கொன்றது நான் என்று சொல்லத்தான் வந்தேன். நீங்கள் என்னைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பப் பார்த்தீர்கள். குற்றவாளியாகக்கூட என்னை ஒருவரும் சட்டென்று நம்புவதில்லை, பார்த்தீர்களா.

நான் ஓவியன். அது உங்களுக்குத் தெரியாது. அதற்காக வெட்கப்படாதீர்கள், என் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. நான் பெயின்ட் அடிக்கிறவன் என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டு, வாசல் கேட்டுக்குப் பச்சை அடித்துத் தர முடியுமா என்று ஒருநாள் கேட்டார். அடித்துக் கொடுத்தேன். என் படைப்புகளிலேயே போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற படைப்பு அது ஒன்றுதான். மழைக்கும் வெயிலுக்கும் இன்னும் அப்படியே இருக்கிறது.

வீட்டில் எனக்கு மாடி அறை. அவளுக்குக் கீழே முழுவதும். இது அவள் செய்த ஏற்பாடு இல்லை, நானே செய்தது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. டர்பென்டைன், வார்னிஷ் வாடை பட்டால் போதும், நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் வேலை முடிந்ததும் கை கால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் கீழே இறங்குவேன். கல்யாணமான நாளிலிருந்து ஒருநாள்கூடத் தவறியதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் சாதகமாக இருக்கட்டும் என்று சொல்லவில்லை. எந்த வாடை அவளை என்ன செய்யும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வெளியே இது யாருக்கும் தெரியாது. பாடகிக்கு மூச்சுத் தொல்லை என்று தெரிந்தால் அடுத்த கச்சேரிக்கு வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். மருத்துவர், அவளோடு வயலின் வாசிக்கும் அவள் தம்பி, நான், இவ்வளவு பேர்தான். கைப்பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் தண்ணீர் குடிக்கிறமாதிரி திரும்பி அதை ஓர் இழுப்பு இழுத்துக்கொள்வாள். முன்வரிசைக்காரர்களுக்குக்கூடத் தெரியாது. அவ்வளவு நேர்த்தி.

தினமும் சாயங்காலம் அவள் மாடிப்படி ஏறி வருவாள். மூக்கில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு அறை வாசலிலேயே நிற்பாள், உள்ளே வரமாட்டாள். நான் அன்று வரைந்ததைத் தூக்கிக் காட்டுவேன். துணிக்குள்ளிருந்து குரல் வரும். "அந்த வாளி நல்லாருக்கு. ஆனா அதுல தண்ணி இருக்கிற மாதிரி தெரியலை." மறுநாள் தண்ணீரைச் சரிசெய்வேன். சும்மா சொல்லக் கூடாது, அவள் சொன்னது ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் இருந்தது. அதுவே ஒரு எரிச்சல்.

இப்போது கூடத்துக்கு வருகிறேன். அதன் உரிமையாளர் ஓர் அம்மா. எந்நேரமும் முத்துமாலை போட்டிருப்பதால் நாங்கள் வீட்டில் அவரை முத்துமாலை என்றே சொல்வோம். என் படங்களை எடுத்துக்கொண்டு நான் அவரிடம் நடையாய் நடந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் "பாக்கலாம்" என்பார். ஓவியக் கூடத்துக்காரர் பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டார் என்று அர்த்தம். திடீரென்று ஒருநாள் அவரே கூப்பிட்டு, "உங்க படங்களை மாட்டிடலாம் சார்" என்றார். அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தாடியைக்கூட ஓவியர்கள் வைத்துக்கொள்கிற மாதிரி ஒதுக்கிக்கொண்டேன். பிறகு அழைப்பிதழ் வந்தது. நடுவில் என் மனைவியின் படம். கீழே 'ஓர் இசை மாலை'. அதற்கும் கீழே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிற எழுத்தில், 'சுவர்களில் ஓவியங்கள்'. யாருடைய ஓவியங்கள் என்று சொல்ல இடம் போதவில்லை போலிருக்கிறது.

முத்துமாலையிடம் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. "அம்மா தன் பாட்டுக்குப் பணமே வேண்டாம்னுட்டாங்க சார். உங்க படத்தை மாட்டினா போதும்னாங்க. குடுத்து வெச்சவர் சார் நீங்க." நான் சிரித்தேன். அசடு வழிந்தேன் என்று எழுதினாலும் ஆட்சேபம் இல்லை.

வீட்டில் சாப்பிடும்போது அவளிடம் கேட்டேன்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா."

"அதான் சொல்லலை." என் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். "அவங்க ஒரு தடவை ஒழுங்கா பாத்துட்டாப் போதுங்க. அதுக்கப்புறம் நான் எதுக்கு?"

அவள் சாதாரணமாகச் சொன்னதுதான். நான்தான் அதைக் கொஞ்சம் அதிகமாக எடுத்துக்கொண்டுவிட்டேன்.

நான் என்ன நினைத்தேன் என்று உள்ளபடியே சொல்கிறேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவள் பாட்டு இரண்டாவது பாட்டோடு நின்றுபோக வேண்டும், அவ்வளவுதான். தொண்டை கட்டிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்துவிட்டால், வந்த கூட்டம் பிஸ்கட் தீர்கிறவரையாவது அங்கேதான் நிற்கும். நிற்கிறவர்கள் பார்ப்பதற்குச் சுவர்களைவிட்டால் வேறு ஒன்றும் இல்லை. பாருங்கள், கொலைத் திட்டம்கூட இல்லை. ஒரு சின்ன அற்பத்தனம். அதற்குமேல் பெரிதாக யோசிக்க எனக்கு வராது. என் படங்களைப் பற்றியும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அன்று மதியம் நாற்காலிகளைப் போட்டு முடித்ததும் வார்னிஷ் டப்பாவைத் திறந்தேன். எல்லாப் படங்களும் முன்பே வார்னிஷ் பூசிக் காய்ந்தவை. படம் மாட்ட வந்த ஆள், "ஏற்கெனவே பளபளன்னுதானே சார் இருக்கு? இப்பப் பூசினா சாயங்காலத்துக்குள்ள காயாதே" என்றார். விளக்கு வெளிச்சத்துக்கு இன்னொரு பூச்சு வேண்டும் என்றேன். கலைஞன் சொன்னால் ஏதோ இருக்கும் என்று விட்டுவிட்டார். அந்த ஒரு மரியாதை அன்று கிடைத்தது. பாடகி உட்காரும் மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய படத்துக்குத் தாராளமாகவே பூசினேன். பிறகு ஜன்னல்களைச் சாத்தினேன். முத்துமாலை மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார். "தெருச் சத்தம் பாட்டைக் கெடுத்துடும்மா, அதான் மூடிட்டேன்" என்றேன். "மனைவி பாட்டு மேல எவ்வளவு அக்கறை!" என்று உருகிப்போனார்.

அந்தப் பெரிய படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடி அறை வாசலில் மூக்கில் துணியோடு நிற்கும் ஒரு பெண். நான் வரைந்ததில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று அவள் சொல்வாள். முகம் பிரமாதமாக வந்திருந்தது. கூடத்துக்கு அனுப்பும் முன் அதை மாற்றினேன். துணியை இன்னும் மேலே ஏற்றி, கண்களையும் சேர்த்து மூடிவிட்டேன். முகம் தெரிந்தால் பாடகியின் படம் என்று சொல்லிவிடுவார்களே. என் ஒரே நல்ல படமும் அவள் கணக்கில் போய்விடக் கூடாது.

அவள் தம்பியோடு வந்தாள். வாசலில் கால் வைத்ததுமே நின்றாள். மூச்சை ஒருமுறை பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்தாள். தம்பி மைக் வைக்கிறவரோடு பேசப் போயிருந்தான்.

"பூசுனீங்களா?"

"லேசாத்தான். காஞ்சிடும்."

"எல்லாத்துக்குமா?"

"வெளிச்சம் சரியா விழலை."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று பார்த்துக்கொண்டே போனாள். பெரிய படத்தின் முன் வந்ததும், "கண்ணை ஏன் மூடிட்டீங்க? முன்ன இருந்ததே நல்லாருந்துச்சு" என்றாள். அன்று சாயங்காலம் அந்தக் கூடத்தில் என் படங்களைப் பார்க்க வேண்டும் என்றே பார்த்தவள் அவள் ஒருத்திதான். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"இன்னைக்கு வேண்டாம்னா விட்டுடு" என்றேன். நானும் மனிதன்தான்.

"உங்க நாளாச்சே. எப்படி விடறது?" என்றாள். "பையை மட்டும் பக்கத்துல வெச்சுக்கறேன்."

பை நீல நிறம். பின்னால் இருந்த படம் முழுக்கக் காவியும் பழுப்பும். அந்த இடத்தில் ஒரு நீலம் வந்து உட்கார்ந்தால் படம் செத்துவிடும். நான் இதைச் சொன்னேன். என்னுடன் அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் அல்லவா, உடனே புரிந்துகொண்டாள். பையை அலுவலக அறைக்கு அனுப்பினோம். அதற்கு முன் இன்ஹேலரை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நீங்க முன்னாடிதானே இருப்பீங்க. நான் உங்களைப் பாத்தா, தண்ணி குடுக்கற மாதிரி கொண்டு வாங்க." நான் அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

முன்வரிசை ஓரத்து நாற்காலி எனக்கு. முதுகில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'பாடகியின் கணவர்.' அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தேன். முத்துமாலை மைக்கைப் பிடித்து அவள் புகழை மூச்சுவிடாமல் பாடினார். கடைசியில், "அவருடைய கணவரும் நம்மோடு வந்திருக்கிறார்" என்றார். நான் எழுந்தேன், கை தட்டினார்கள், உட்கார்ந்தேன். சுவரில் இருப்பவை நான் வரைந்தவை என்ற சின்னத் தகவலை அவர் மறந்துவிட்டார். விளையாட்டில் சேர்த்துக்கொண்டு கணக்கில் சேர்க்காத பையனை ஒப்புக்குச் சப்பாணி என்பார்களே, அப்படித்தான் இருந்தேன், கோட்டு வேறு போட்டுக்கொண்டு.

முதல் பாட்டு நன்றாகவே இருந்தது. மிக நன்றாக இருந்தது. எனக்கே ஒரு கணம் வார்னிஷ் ஞாபகம் போய்விட்டது. இரண்டாவது பாட்டின் நடுவில் குரல் ஓர் இடத்தில் பிசிறியது. அவள் இருமலை விழுங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

என் கை கோட்டுப் பைக்குள் போய்விட்டது, ஐயா. எடுக்கத்தான் போனது. இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்த நேரத்தில்தான் நான் அதைக் கவனித்தேன்.

பெரிய பாடகி ஒருவர் தடுமாறும்போது நாகரிகமான மனிதர்கள் என்ன செய்வார்கள்? முறைத்துப் பார்க்கமாட்டார்கள். கண்ணை எடுத்துக்கொள்வார்கள். வேறு இடமாக இருந்தால் மடியைப் பார்த்திருப்பார்கள், கூரையைப் பார்த்திருப்பார்கள். ஓவியக் கூடத்தில் கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது? எனக்குப் பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. திரும்பிப் பார்த்தேன். கூடம் முழுக்க என் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிற ஒரு பத்திரிகை விமர்சகர் இருக்கிறார், நாங்கள் தலையாட்டி என்போம். அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாளிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை ஆடவே இல்லை. ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம் ஜன்னல் படத்தைக் காட்டி ஏதோ கிசுகிசுத்தார். சந்தோஷம் என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

அவள் பாட்டை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் என் நாள் கெட்டுவிடும் என்று பாடிக்கொண்டே இருந்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். நான் இன்னும் கொஞ்சம் என்று நினைத்தேன். கொஞ்சம்தான் கேட்டேன். ஒவ்வொரு பிசிறுக்கும் இன்னும் சில தலைகள் சுவர் பக்கம் திரும்பின. விரலுக்குள் அந்த பிளாஸ்டிக் கூடு வியர்வையில் வழுக்கியது. மூன்றாவது தடவை அவள் பார்த்தபோது நான் வாளிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது.

பிறகு மேல் ஸ்தாயிக்குப் போனாள். குரல் வரவில்லை. அவள் தம்பி வில்லைக் கீழே போட்டுவிட்டு அவளைத் தாங்கிக்கொண்டான்.

"அத்தான், மருந்து! மருந்து எங்க?"

"பையில" என்றேன். அன்று நான் சொன்ன பெரிய பொய் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சொல்லாமல் விட்டது.

அவன் அலுவலக அறைக்கு ஓடினான். பையை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டுகிற சத்தம் மேடை வரைக்கும் கேட்டது. யாரோ ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள், யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். நான் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் எல்லோரும் குனிந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதாவது எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் யோசித்தேன். ஆனால் இவ்வளவு நேரம் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டா இருந்தான் என்று கேட்பார்களே. அத்தனை பேர் முன்னால் எனக்குக் கூச்சமாக இருந்தது. ஓர் உயிருக்கும் என் கூச்சத்துக்கும் நடுவில் நான் கூச்சத்தைத் தேர்ந்தெடுத்தேன். இதைவிடச் சிரிப்பாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவள் கையைத் தூக்கினாள். என் கோட்டுப் பையின்மேல் வைத்தாள். உள்ளே இருப்பதை வெளியிலிருந்து தடவிப் பார்த்துவிட்டு, மெல்லத் தட்டினாள். பேச மூச்சு இல்லை. அந்த நிலையிலும் கணவனைத் தேற்றுகிறாள் பாருங்கள் என்று முத்துமாலை அழ ஆரம்பித்தார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது அந்தக் கை என் மடியில் விழுந்து கிடந்தது.

தலையாட்டி அடுத்த நாளே எழுதிவிட்டார். 'பாடும்போது அவர் தம் கணவரிடமிருந்து கண்களை எடுக்கவே இல்லை. அப்படி ஓர் அன்பை அந்தக் கூடம் கண்டதில்லை' என்று. கட்டுரையைக் கடைசி வரி வரைக்கும் தேடிப் பார்த்தேன். படங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாளியைப் பற்றிக்கூட இல்லை. முத்துமாலை துக்கத்துக்காகக் கண்காட்சியை மூடிவிட்டார். என் படங்கள் இப்போது அலுவலக அறையில் முகம் சுவரைப் பார்க்க அடுக்கியிருக்கின்றன. பூச்சு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

நான் இங்கே வந்தது மைத்துனனுக்காக. அவன் அன்றிலிருந்து வயலினைத் தொடவில்லை. "நான் சரியாத் தேடலை அத்தான், பைக்குள்ளதான் இருந்திருக்கும், நான்தான் சரியாத் தேடலை" என்று சொல்லிச் சொல்லி அழுகிறான். அவன் சரியாகத்தான் தேடினான். இதோ, அவன் தேடியது. மேசைமேல் வைத்துவிடுகிறேன். மருந்து பாதிக்குமேல் இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் மாடி அறையில் ஒரு படம் ஆரம்பித்தேன். கொஞ்சம் வந்ததும் தூரிகையை வைத்துவிட்டுப் படியில் சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தேன். பழக்கதோஷம். இருட்டுகிறவரைக்கும் காத்திருந்தேன். படத்தில் ஏதோ ஒன்று சரியில்லை, என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அவள் இல்லாமல் என்னால் முடியவில்லை, ஐயா.

உங்கள் எழுத்தர் படித்துக் காட்டியதெல்லாம் சரி. வேண்டுமென்றே வார்னிஷ் பூசினேன், மருந்தை வைத்துக்கொண்டே கொடுக்கவில்லை, சாகவிட்டேன், எல்லாம் நான் சொன்னதுதான். அவர் கையெழுத்து அழகாக இருக்கிறது. கையொப்பம் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு திருத்தம். முதல் வரியில், என் வயதுக்குப் பக்கத்தில், 'பாடகியின் கணவர்' என்று இருக்கிறது. கொன்றேன் என்பது அப்படியே இருக்கட்டும். முதல் வரியில் இருப்பதை மட்டும் அடித்துவிட்டு, 'ஓவியர்' என்று போடுங்கள்.